மாறிப்போன மூட்டை



தீர்த்த யாத்திரை புறப்படும்போது துணிமணிகளையும் பூசைப் பொருள்களையும் எண்ணி எண்ணி எடுத்து வைக்கிறோம். பொறுமையை எடுத்துக்கொண்டோமா என்று மட்டும் பார்ப்பதில்லை. அதனால் நாம் பட்ட பாட்டினை இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

1994ஆம் ஆண்டு, இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறடைந்த சம்மேத சிகரத்தைத் தரிசிக்க உறவினர் ஒன்பது பேர் புறப்பட்டோம். அன்று அம்மலை பீகாரில் இருந்தது. 2000 முதல் ஜார்க்கண்டைச் சேர்ந்தது. வழியில் கண்டதை உண்ணலாகாது என்று புளியோதரையும் ரொட்டியும் முறுக்கும் செய்து ஒரே மூட்டையாகக் கட்டினோம். சென்னையில் அதனைச் சுமந்து வந்து வண்டியில் ஏற்றியவன் நம் நாத்தனாரின் மகன்; பத்தாம் வகுப்பு மாணவன்.

கதிரவன் மறைய அரைமணி நேரமே இருக்கையில் மூட்டையை அவிழ்த்தோம். உள்ளே இருந்தவை குழந்தைகளின் காலணிகள்! நெரிசலில் மூட்டை மாறியிருந்தது. அடுத்த நிலையம் வருமுன் பொழுது சாய்ந்துவிடும். இரவுணவோ நமக்கு இல்லை.

நமக்குச் சினம் மூண்டது. பெட்டியிலிருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் அச்சிறுவனைக் கடிந்தோம். பிழை செய்த பிள்ளையைப் பிறர்முன் கடியலாகாது என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ஆண்டுதோறும் போதித்த அதே நாவினால் கடிந்தோம். அவன் தலை கவிழ்ந்து நின்றான்.

நாத்தனார் மகனைத் தம்மருகில் அமர்த்திக்கொண்டு புன்னகையோடு கூறினார்: "அண்ணி, ஆர்த்தத் தியானம் நான்கு வகை என்று நீங்கள்தாமே எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள்? விரும்பியது பிரிந்தால் வருந்துவது ஒன்று. விரும்பாதது சேர்ந்தால் வருந்துவது ஒன்று. புளியோதரை போயிற்று, செருப்பு வந்தது. ஒரே மூட்டையில் இரண்டு பாடம் முடிந்தனவே!"

அனைவரும் சிரித்தனர். "நம் உணவு கிடைத்தவர் பசியாறட்டும். ஆகாரதானமாக இருக்கட்டும்" என்றார் மேலும். நாம் விடவில்லை, "மனமறியாமல் போனது தானமாகாது" என்றோம். "அதற்கென்ன அண்ணி, இப்போது மனமறிந்து கொடுத்துவிடுவோம்" என்றார். நாம் வாயடைத்துப் போனோம்.

அப்பொழுது சிறுவன் மெல்லக் கேட்டான்: "அத்தை, அந்த வீட்டுப் பிள்ளைகள் எதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள்?" நாம் நம் பசியை எண்ணிக்கொண்டிருந்தபோது, அவன் பிறர் இழப்பை எண்ணியிருக்கிறான். அடுத்த நிலையத்தில் மூட்டையை இரயில்வே அலுவலரிடம் ஒப்படைத்தோம்.

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் 22 பரீஷகங்களைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது பசி. முனிவர் பெருமக்கள் வாழ்நாள் முழுதும் அதனைப் பொறுத்து வினைகளை உதிர்க்கின்றனர். நமக்கு வந்ததோ ஓர் இரவுப் பசி. அதற்கே நாம் தோற்றோம்.

ஹாஸ்யமும் ஒன்பது நோகஷாயங்களுள் ஒன்றாயிற்றே, சிரிப்பைப் போற்றலாமோ எனக் கற்றோர் வினவலாம். நியாயமான வினாவே. பிறரை எள்ளி நகைப்பது வினையைக் கட்டும். நாத்தனாரின் சொல்லோ எவரையும் புண்படுத்தவில்லை; நம்முள் பொங்கி நின்ற குரோதத்தையும் மானத்தையும் தணித்தது. இல்லறத்தார்க்கு இது பொறுமையை நோக்கிய ஒரு சிறு படி என்பது நம் கருத்து.

மலையேறி, வலம்வந்து, இறங்க 27 கிலோமீட்டர். இறங்குகையில் நம் முழங்கால்கள் தளர்ந்தன. தோள் கொடுத்து அழைத்து வந்தவன் அச்சிறுவனே. "தம்பி, அன்று கடிந்ததைப் பொறுத்துக்கொள்" என்றோம். "எப்போது அத்தை?" என்று வியந்தான். அவன் அன்றே இறக்கி வைத்ததை நாம் மலையுச்சி வரை சுமந்திருக்கிறோம்!

அன்பர்களே, பயணத்தில் வண்டி தவறலாம், மூட்டை மாறலாம். அவ்வேளையில் இழந்த பொருளைத் தேடுமுன், அருகில் அஞ்சி நிற்பவரின் முகத்தை நோக்குவோம். பிறகு, இயன்றால் சற்றே சிரிப்போம்.

வளர்க ஜினவறம்!