கல்லும் கடமையும்

இறந்தோர்க்கு இருப்போர் ஆற்ற வேண்டிய கடமை யாது? ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பலுக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் இவ்வினா என் நெஞ்சில் எழுவதுண்டு.

துறைமுக வாயிலில் உள்ளது ராஸ் தீவு. 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் பெற்றது. 1858 மார்ச் 10 அன்று 200 கைதிகளுடன் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்திற்கு இதுவே தலைமையிடமாக விளங்கியது. 1941-இல் நிலநடுக்கம் உலுக்கியது. 1942-இல் ஜப்பானியர் வந்தனர். ஆங்கிலேயரின் நகர் அழிந்தது. இன்று சுவர்களை மரவேர்கள் தழுவி நிற்கின்றன. ஆண்டோரின் கல்லறைகளில் பெயர்கள் உள்ளன. காடு வெட்டி அந்நகரை எழுப்பிய கைதிகளுள் மிகப் பலரோ பெயர்க்கல் இன்றியே மறைந்தனர்.

பெயர் பொறித்தலே பெருமை எனின், பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரை என்னென்பது? 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த ஈமத்தாழிகள் இன்னார்க்கு உரியவை என அறிய வழியில்லை. ஆயினும் இரும்புக் கருவிகளும் மட்கலங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் அங்கே கிடைத்தன. தாழி வைத்தோரின் பழவூரும் மண்ணுள் மறைந்தது. அவர்கள் காட்டிய பரிவு மட்டும் மறையவில்லை.

ஆகவே, இறந்தோர்க்கு உரியது பெயரெழுத்து மட்டுமன்று. அவர் உழைப்பை மதித்தலே ஆகும். அத்தீவைக் காணச் செல்வோர் கல்லறை எழுத்தைப் படித்தபின், இடிந்த சுவரின் செங்கல் ஒன்றையும் சற்றே நின்று நோக்குக. அதைச் சுமந்தவர்க்கு வேறு கல் இல்லை.