அண்ணாமலை யாருக்குச் சொந்தம்?

1938இல் ஒரு வழக்கு நடந்தது. திருவண்ணாமலை மலை தனக்கே உரியது என்றது அருணாசலேசுவரர் கோயில். எதிர்த்தரப்பு, சென்னை மாகாண அரசு. ரமண மகரிஷியும் சாட்சியாக விசாரிக்கப்பட்டார். சிவன் எடுத்த வடிவங்களில் ஒன்று லிங்கம், இங்கே அந்த லிங்கம் மலையேதான் என்று அவர் சொன்னார். விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மலையிலேயே வாழ்ந்தவர் அவர்.

தலைமுறை தலைமுறையாக மலையை வலம் வந்தவர்கள் தங்கள் உரிமைக்குச் சாட்சி தேட வேண்டியிருந்தது. நேற்று வந்த அரசுக்கு அந்தச் சுமை ஏன் இல்லை?

சட்டமே அதற்கு இடம் தந்திருந்தது. 1882இன் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடாக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. 1905இன் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது: வேறொருவர் சொத்து என்று காட்டப்படாத நிலமெல்லாம் அரசின் சொத்து என்றது அதன் 2ஆம் பிரிவு. வெள்ளையர் போய்விட்டார்கள். அரசியலமைப்பின் 372ஆம் பிரிவின்படி பழைய சட்டங்கள் தொடர்ந்தன. பெயரில் ‘சென்னை’ போய்த் ‘தமிழ்நாடு’ வந்தது. 1882, 1905 என்ற ஆண்டுகள் அப்படியே இருக்கின்றன, உள்ளிருக்கும் எண்ணமும் அப்படியே. ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் மீட்க எத்தனையோ போராடிய நாம் இதைத் தொடவே இல்லை.

பிலிப்பைன்ஸ் மக்களுக்கும் இதே சிக்கல். ஸ்பெயின் அரசர் நிலமெல்லாம் தமதென்றார். 1898இல் பாரிஸ் உடன்படிக்கையில் 2 கோடி டாலருக்கு அந்தத் தீவுகள் அமெரிக்காவிடம் கைமாறின. பெங்கெட் மலைநாட்டில் இபலோய் இனத்தவரான மத்தேயோ கரின்யோ, பாட்டன் காலத்திலிருந்து குடும்பம் மாடு மேய்த்து வந்த நிலத்துக்காக வழக்காடினார். ஸ்பெயின் தந்த பத்திரம் எதுவும் அவரிடம் இல்லை. 1909இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நினைவுக்கு எட்டிய காலம் முதல் ஒருவர் உரிமையோடு அனுபவித்த நிலம் ஒருபோதும் அரசு நிலமாக இருந்ததில்லை என்றே கொள்ள வேண்டும் என்பது நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம். ஆனால் விடுதலைக்குப் பிந்தைய 1973, 1987 அரசியலமைப்புகளும் பொதுநிலம் அரசுடையது என்ற பழைய கோட்பாட்டைக் கைவிடவில்லை. பழங்குடியினர் உரிமைச் சட்டம் 1997இல்தான் வந்தது. அதை எதிர்த்த வழக்கில் 2000இல் நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்ததால்தான் அது தப்பியது. ஆண்டவனின் கோட்பாட்டை ஆளப்பட்டவனே விட மறுக்கிறான். அடிமைத்தனம் விட்டுச்சென்ற ஆழமான தழும்பு இதுதான்.

மறுபக்கம் வலுவானது, அதை ஒதுக்க முடியாது. வனத்துறை இல்லையென்றால் அண்ணாமலைச் சரிவு என்றைக்கோ மனைப்பிரிவாகியிருக்கும். மொட்டையாகக் கிடந்த பாறைகளில் இன்று மரங்கள் நிற்கின்றன, தன்னார்வலர்கள் நட்டவையும் அவற்றில் உண்டு. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலை சரிந்து, குழந்தைகள் உட்பட 7 பேர் மண்ணுக்குள் போனார்கள். அந்தச் சரிவில் குடியிருந்தவர்கள் வேறு இடத்துக்கு வழியில்லாத எளியவர்கள். மலையைக் காப்பது அரசின் கடமை என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம். காக்கும் கடமைக்கு உடைமை எதற்கு? எல்லாம் தனதென்று சொல்லிவந்த அரசால்தான் அந்த ஏழு உயிர்களைக் காக்க முடியவில்லை.

மலை கோயிலுக்கே முழுச் சொத்து என்பதும் நியாயமாகாது. கார்த்திகையில் உச்சியில் தீபம் ஏற்றுவது பர்வதராஜ குலத்தாரின் மரபுரிமை. அந்த உரிமையைத் தந்தது பட்டா அல்ல, பழக்கம். விறகு பொறுக்கியவர்களுக்கும் ஆடு மேய்த்தவர்களுக்கும் இப்படிப்பட்ட உரிமைகள் உண்டு. இதே மாவட்டத்து ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் போன்றோருக்கு நேர்ந்தது வரலாற்று அநீதி என்பதை 2006 வன உரிமைச் சட்டத்தின் முகவுரையே ஒத்துக்கொள்கிறது. காட்டுக்கு ஒத்துக்கொண்டதை மற்ற நிலங்களுக்கு மறுப்பது நேர்மையல்ல.

ஆகவே 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவைச் சட்டமன்றம் திருத்த வேண்டும். நெடுங்கால வழக்கம் உள்ள நிலத்தை அரசு தனதென்றால், நிரூபிக்கும் சுமையை அரசே ஏற்கட்டும்.