கைப்பழக்கம் யாருக்குச் சொந்தம்?

காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று மதுரை ஆரப்பாளையம் பக்கத்து டிடிபி கடைகளுக்கு வரும் வேலை எல்லாமே அவசர வேலைதான். அங்கே கணினி முன் உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களில் பலர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் தேர்வுகள் முடித்து வந்தவர்கள். கணினியின் உள்விவரம் அவர்களுக்குத் தெரியாது. எந்த வேலைக்கு எங்கே சொடுக்க வேண்டும் என்பது கைக்குத் தெரியும். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். இன்னும் தமிழ் டிடிபி கடைகளில் அது ஓடுவதைப் பழமைப்பிடிவாதம் என்று ஒதுக்குவது அநியாயம். பக்கக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு, இடம் மாறிய மெனுவைத் தேடும் ஒவ்வொரு நிமிடமும் கூலி இல்லாத நிமிடம்.

பல ஆண்டு உழைப்பில் ஏறிய இந்தக் கைப்பழக்கத்தை, மென்பொருளை விற்ற நிறுவனம் ஒரே நாளில் செல்லாததாக்கலாமா?

ஆபிஸ் 2007இல் பழைய மெனு வரிசை போய் ரிப்பன் எனும் பொத்தான் பட்டை வந்தது. 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டது. உலகமெங்கும் முணுமுணுப்பு எழ, அடுத்த ஆண்டு பொத்தான் திரும்பியது. அதன் மெனு திரும்ப 2015 ஆயிற்று. விண்டோஸ் 11 அந்தப் பொத்தானை நடுவுக்கு நகர்த்தியது. செட்டிங்ஸில் போய்ப் பழையபடி இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்த வசதி யாருக்கு மிகவும் தேவையோ, அவர் கண்ணில்தான் அது கடைசியாகப் படும்.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் தாக்கியபோது, பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்படாத விண்டோஸ் கணினிகள்தான் சிக்கின. பிரிட்டன் மருத்துவமனைகளும் ஆந்திரக் காவல்துறையும் அதில் அடிபட்டன. ஆகவே புதுப்பித்தல் கட்டாயம். ஆனால் ஓட்டையை அடைப்பது வேறு, பொத்தானை இடம் மாற்றுவது வேறு. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதில்தான் தவறு இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றது. இனி நெடுநாள் பாதுகாப்பு வேண்டுமானால் புதுத் தோற்றத்தையும் ஏற்க வேண்டும். பல பழைய கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறவும் ஏறாது. பயத்தைக் காட்டி வாங்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று எண்ணுவது கடினம்.

இதைவிடப் பெரிய மாற்றத்தைத் தமிழ் தட்டச்சு கடந்து வந்திருக்கிறது. கடைக்குக் கடை வேறுபட்ட எழுத்துருக் குறியாக்கங்களால், ஒருவர் அடித்தது இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டி டாம், டாப் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. தவிர்க்க முடியாத மாற்றம்தான். ஆனால் என்எச்எம் ரைட்டர் போன்ற கருவிகள் அதே யூனிகோடைப் பழைய தட்டச்சு விசைமுறையிலேயே அடிக்க வழி செய்தன. இன்ஸ்டிடியூட்டில் பழகிய விரல், பழகிய இடத்திலேயே விழுந்தது. உள்ளே எல்லாம் மாறியும் பலருடைய பிழைப்பு பிழைத்தது. மாற்றம் செய்பவர்களிடம் கேட்க வேண்டியது இந்த அக்கறையைத்தான்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ரிப்பன் எளிது என்பது உண்மையாகவே இருக்கலாம். அவர்களுக்குத் தருவதற்காக மூத்தவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. இரண்டு தோற்றங்களைப் பராமரிக்கச் செலவாகும் என்ற வாதமும் முழுதாக நிற்கவில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் பழைய மெனு முறையையும் ரிப்பன் போன்ற முறையையும் சேர்த்தே வைத்து, தேர்வைப் பயனரிடம் விடுகிறது. அதை நடத்தும் ஓர் அறக்கட்டளையால் முடிந்தது, ஆபிஸை விற்கும், உலகின் பெரும் பணக்கார நிறுவனங்களில் ஒன்றால் முடியாதா? எத்தனை காலத்துக்குப் பழையதைத் தாங்குவது என்று கேட்டால், குறைந்தது அந்தப் பழக்கத்தோடு வேலைக்கு வந்தவர்கள் ஓய்வு பெறும் வரையாவது.