மூலனூர் பக்கம்

எங்கள் பக்கத்தில் யாரும் பேரைக் கேட்டுப் பேச்சைத் தொடங்குவதில்லை. "ஏனுங்க, எந்த ஊருங்க?" என்பதுதான் முதல் கேள்வி. தாராபுரம் பஸ் ஸ்டாண்டிலும், கரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலும் அதேதான். ஊரைச் சொன்னதும் அந்த ஊரில் தெரிந்தவர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் வழியாக ஒரு முறையைக் கட்டிவிட்டுத்தான் மூச்சு விடுவோம். அந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்தவன் நான். எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். வேலைக்குச் சேர்ந்து, இன்டர்வியூ எடுக்கும் நாற்காலியில் முதல் தடவை உட்கார்ந்தபோதும் என் வாயில் வந்தது அதுதான்.

ஜூனியர் மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஒருவர் வந்திருந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் ஃபைல், இஸ்திரி கலையாத சட்டை.

"மூலனூர் பக்கங்க சார்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் மூலனூர். பதற்றமாக இருந்த அவரை இயல்பாக்க இதைவிட நல்ல வழி வேறென்ன என்று நினைத்தேன். "பக்கம்னா?" என்றேன். ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். என் சித்தியைக் கட்டிக்கொடுத்த ஊர். "அட, அங்க எங்கீங்க? கோயில்கிட்டயா?"

கொஞ்ச நேரம் ஃபைலையே பார்த்தார். "இல்லீங்க சார். காலனிங்க."

அதற்கு முன்னால் துணி வகைகளைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலதிகாரி, அதுவரை புரட்டிக்கொண்டிருந்த ரெஸ்யூமை மூடி வைத்தார். மதிப்பீட்டுப் படிவத்தில் 'கம்யூனிகேஷன் போதாது' என்று எழுதினார். அந்தப் பையனின் குரலை அடைத்தது என் கேள்வி. அடைத்ததைக் குறையாக எழுதிய தாளில், கீழே கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

தப்பாக எதுவும் கேட்டுவிடவில்லையே என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேள்வி அன்பாகத்தான் கேட்கப்பட்டது. ஆனால் அந்தக் கேள்வியால் எனக்கு ஒரு நாளும் வலித்ததில்லை என்பதுதான் விஷயம். என் தெருவைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் மலரும், காபி வரும், அப்பா பேரைக் கேட்பார்கள். எனக்குக் கதவைத் திறந்துவிட்ட ஒரு கேள்வி இன்னொருவருக்கு அதே கதவை மூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் இருந்ததே நான் வளர்ந்த தெரு எனக்குக் கொடுத்த வசதி.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் இனி அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அந்தச் சொல் வசைச் சொல்லாக மாறிவிட்டது என்பதுதான் காரணம். நல்ல அறிவிப்பு. செய்தியைப் படித்தபோது அந்தப் பிளாஸ்டிக் ஃபைல்தான் நினைவுக்கு வந்தது. பலகையிலிருந்து சொல்லை அழித்துவிடலாம். "அங்க எங்கீங்க?" என்று நான் கேட்டுக்கொண்டிருந்தால், அவர் அதற்கு வேறு ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு அதே ஃபைலைத்தான் பார்ப்பார்.

பிறகுதான் வேலைக்கு ஆள் எடுப்பதில் சாதி நுழையும் விதத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 2007-ல் 'எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி' இதழில் சுக்தேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் கம்பெனிகள் செய்தித்தாளில் கொடுத்த வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாக வந்தது. அதே ஆண்டு அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி சுற்றுவட்டார எச்.ஆர். மேலாளர்களைச் சந்தித்து எழுதியது என்னை இன்னும் உறுத்தியது. திறமை ஒன்றைத்தான் பார்க்கிறோம் என்று உறுதியாகச் சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளை நல்லபடி வேலை செய்யும் என்பது அவர்கள் நம்பிக்கை. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவது அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

இன்டர்வியூ எப்படி எடுப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் கம்பெனியின் தையல் பிரிவு. திருப்பூரில் டெய்லர் வேலைக்கு ஆள் எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அறை, மேஜை, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்க' எதுவும் கிடையாது. வயதுச் சான்றைப் பார்த்துவிட்டால் நேராக மெஷின்தான். எங்கள் லைன் சூப்பர்வைசர் அக்கா நாலு பீஸ் கைத்துணியையும் உடம்புத் துணியையும் கையில் கொடுத்து, ஓவர்லாக்கில் உட்கார வைத்துவிட்டு, ஓரமாக நின்றுகொள்வார். தைத்து முடித்த பீஸைத்தான் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன்.

"முடிக்கிறத எல்லாரும் பாப்பாங்க சார். தொடங்கறதப் பாருங்க" என்றார்.

வந்த பெண் முதலில் பீஸைத் தொடவில்லை. கீழே கிடந்த வேஸ்ட் துணியை எடுத்து ஒரு ஓட்டு ஓட்டினார். திருப்பிப் பார்த்தார். தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, டென்ஷன் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடியும் வேஸ்ட் துணியில் ஓட்டினார். அதன் பிறகுதான் பீஸ். "பழக்கமில்லாத மெஷின்ல உக்காந்ததும் நேரா பீஸ்ல ஓட்டறவங்க டேமேஜ் குடுப்பாங்க. இந்தப் பொண்ண எடுத்துக்கலாம் சார்." அவ்வளவுதான். பத்து நிமிடம் ஆகியிருக்காது. அந்தப் பெண் ஒடிசாவா, ஒட்டன்சத்திரமா என்று அதுவரை அங்கே யாரும் கேட்டிருக்கவில்லை.

தையல் பிரிவில் சாதியே இல்லை என்று நான் சொல்லவில்லை. மதியம் யார் யாரோடு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரியும். ஆனால் வேலைக்கு எடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் ஊர்ப் பேச்சு நுழைய இடமில்லை. கை என்ன செய்கிறது என்பதிலேயே எல்லார் கண்ணும் இருக்கிறது. மாடியில் ஏ.சி. அறையில், படித்தவர்களுக்குப் படித்தவர்கள் எடுக்கும் இன்டர்வியூவில்தான் அந்தப் பார்வை இல்லை. அங்கே நாங்கள் பார்ப்பது பேச்சை. பேச்சு என்று நாங்கள் நினைப்பது பெரும்பாலும் வளர்ப்பை.

செய்துகாட்டச் சொல்வதன் பலனை ஆராய்ச்சியாளர்கள் எண்களிலேயே சொல்லிவிட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளைப் பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் ஷ்மிட்டும் ஹன்டரும் எழுதிய கட்டுரையில், வேலையைச் செய்துகாட்டச் சொல்லும் சோதனை முன்வரிசையில் இருந்தது. 2022-ல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கைத் திருத்திப் போட்டார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பெண் போடும் இன்டர்வியூவுக்கு, பின்னால் வேலை எப்படி இருக்கும் என்பதைக் கணிக்கும் அளவாக 0.42 வந்தது. போகிற போக்கில் பேசிப் பார்ப்பதற்கு 0.19. அந்தப் பையனிடம் நான் எடுத்தது இரண்டாவது வகை இன்டர்வியூ.

ஒரே கேள்விகள் என்பதை ஓரளவு சீக்கிரமே பழகிக்கொண்டேன். பெண்களிடம் மட்டும் கேட்டுவந்த 'கல்யாணம் எப்போ?', 'குழந்தையை யார் பார்த்துப்பாங்க?' இரண்டும் போயின. ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி வரை இருக்க முடியுமா என்பதை இப்போது ஆணிடமும் பெண்ணிடமும் அதே வார்த்தைகளில் கேட்கிறேன். வடமாநில ஆட்கள் வரும்போது காண்ட்ராக்டர் முந்திக்கொண்டு பதில் சொல்ல விடுவதில்லை. லைனிலிருந்தே இந்தி தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

கஷ்டமாக இருந்தது மதிப்பெண்தான். மூன்று பேர் உட்கார்ந்து ஒருவரைப் பார்க்கிறோம். அவர் வெளியே போனதும் பெரியவர், "என்னப்பா, சுமார்தான்" என்பார். மற்ற இருவர் மனதில் இருந்ததும் அந்த நொடியில் சுமாராகிவிடும். இதற்கு வழி தேடியபோது எனக்குக் கிடைத்தது எங்கள் ஊர்ப் பருத்திதான்.

மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அப்பா பருத்தி மூட்டையோடு போகும்போது சின்ன வயதில் நானும் போவேன். அங்கே நடப்பது மறைமுக ஏலம். வியாபாரிகள் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி பஞ்சை எடுப்பார்கள். இரண்டு கை விரல்களுக்கு நடுவில் வைத்து இழுத்து இழை நீளம் பார்ப்பார்கள். குப்பை இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவரவர் விலையை அவரவர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவர் என்ன எழுதினார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஏன் இப்படி, சத்தமாகவே கேட்கலாமே என்று அப்பாவிடம் கேட்டேன். "சத்தமாக் கேட்டா, பெரிய யாவாரி சொன்னதுக்கு மேல சின்ன யாவாரி வாயத் தொறக்க மாட்டான் கண்ணு" என்றார்.

அடுத்த இன்டர்வியூவுக்கு மூன்று சீட்டு வைத்தேன். ஆள் வெளியே போனதும் யாரும் பேசக் கூடாது. முதலில் எழுத வேண்டும். பிறகு மூன்றையும் விரித்து வைத்துப் பேச வேண்டும். மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷ அனுபவத்துக்குச் சீட்டு எதற்கு என்றார். ஊர் ஏலத்தைச் சொன்னேன். அவர் அப்பாவும் பருத்தி போட்டவர்தான். ஒன்றும் சொல்லாமல் பேனாவைத் திறந்தார். அன்றைக்கு மூன்று சீட்டிலும் மூன்று விதமான மதிப்பெண் இருந்தது. ஏன் என்று அரை மணி நேரம் பேசினோம். அப்படி ஒரு பேச்சு அதற்கு முன் அந்த அறையில் நடந்ததில்லை.

ஊர்க் கேள்வியை நான் அடியோடு விட்டுவிடவில்லை. கம்பெனி வண்டி எந்த வழியில் போக வேண்டும் என்று தெரிய வேண்டுமே. வேலைக்கு எடுத்த பிறகு, சேரும் நாளில், வண்டி ஏறும் இடத்தை மட்டும் கேட்கிறேன்.

போன மாதம் மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஒருவர் வந்தார். சைஸ் சார்ட் ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். எல்லாருக்கும் கொடுக்கும் அதே சார்ட். நான் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்திருப்பது. அதை எடுப்பதற்கு முன்னால் சிரித்துக்கொண்டே, "சாருக்கு எந்த ஊருங்க?" என்றார்.

"மூலனூர்."

"மூலனூர்ல எங்கீங்க சார்?"

வாய் வரை வந்துவிட்டது தெருப் பெயர். அதைச் சொன்னால் நான் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவர் யாரோ எனக்குத் தெரியாது. அடுத்த அரை மணி நேரம் எந்தக் குரலில் பேசுவது என்று அவர் என் பதிலை வைத்துத்தான் முடிவு செய்வார். அன்றைக்கு அந்தப் பையன் ஃபைலைப் பார்த்தது போல நான் சார்ட்டைப் பார்த்தேன்.

"முடிச்சுட்டுப் பேசலாங்க. மொதல்ல இதப் பாருங்க" என்று பென்சிலைக் கொடுத்தேன்.

குனிந்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. மேல் வரிக்குப் போய் மறுபடியும் இறங்கி வந்தது.

"சார், எல் சைஸுக்கு நெஞ்சளவு எம் சைஸைவிடக் கம்மியா இருக்குதுங்க."