யாரும் ஓடிவராத அலறல்

சத்தத்துக்குப் பழகிய ஊர் எங்கள் கோவை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் கிடைத்ததும் பீளமேடு, சிங்காநல்லூர் என்று மில்கள் பெருகின. ஷிப்டு மாறும்போதெல்லாம் சங்கு ஊதும். அதைக் கேட்டு அடுப்புப் பற்றவைத்த வீடுகள் எத்தனையோ. சோமனூர்ப் பக்கம் தறிச் சத்தத்திலேயே குழந்தைகள் தூங்கும்; கரண்ட் போய்த் தறி நின்றால்தான் முழித்துக்கொள்ளும்.

அப்படிப்பட்ட ஊர்க்காரர்களை நடுராத்திரிக் கார் அலாரம் ஏன் இப்படி வதைக்கிறது? மில் சங்கு கேட்டால் வேலைக்கு ஆள் கிளம்பியது. தறிச் சத்தத்தில் ஒரு குடும்பத்தின் கூலி இருக்கிறது. அலாரமோ ஆபத்து என்று கத்துகிறது, யாரும் எழுந்து வருவதில்லை. வண்டிக்குச் சொந்தக்காரரே வருவதில்லை.

பெரும்பாலும் ஆபத்தும் இருப்பதில்லை. பூனை பானெட்டில் குதித்திருக்கும், லாரி கடந்திருக்கும். தீபாவளிக்கு ஒரு அணுகுண்டு வெடித்தால் தெருவிலுள்ள பாதி வண்டிகள் சேர்ந்து அலறும். அதிர்வை உணரும் சென்சாரை அளவுக்கு மீறிக் கூர்மையாக வைத்திருப்பார்கள், பேட்டரி இறங்கியிருக்கும், கதவு சுவிட்சில் அழுக்கேறியிருக்கும். எல்லாமே மெக்கானிக் சரிசெய்துவிடக்கூடியவை.

குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அமைதியாக வாழ்வதும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குக்குத் தூண்டுதலான கொடுமையை என்னால் மறக்க முடியவில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பதின்மூன்று வயதுச் சிறுமியின் கதறல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கி இரைச்சலில் யாருக்கும் கேட்காமல் போனது. வீண் சத்தம் தூக்கத்தை மட்டும் கெடுப்பதில்லை. கேட்டாக வேண்டிய குரலையும் அமுக்கிவிடுகிறது. பொய்யாகவே அலறிக்கொண்டிருக்கும் அலாரம், நிஜமாகவே யாராவது அலறும் நாளிலும் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ள நம்மைப் பழக்குகிறது. எனக்கு அதுதான் பெரிய பயம்.

போலீசைக் கூப்பிடுவது கடைசி வழி. முதல் வழி, மறுநாள் காலையில் போய்ச் சொல்வது. அங்கேதான் நாம் தயங்குகிறோம். நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டியவர், மனசு நோகுமே என்று விட்டுவிடுகிறோம். உள்ளுக்குள் ஆத்திரத்தை வளர்க்கிறோம். நேரில் சொல்வதே அவருக்குத் தரும் மரியாதை. “ஏனுங்க, ராத்திரி உங்க வண்டி ரொம்ப நேரம் கத்துச்சுங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்லீங்க, தூங்கவே முடியல. சென்சாரக் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க.” இதற்குக் கோபப்படுகிறவர்கள் குறைவு. பலருக்குத் தம் வண்டிதான் கத்தியது என்றே தெரிந்திருக்காது.

வண்டி வைத்திருப்பவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறோம். கார் சாவியையும் சேர்த்துக் கொடுக்கலாம். அதற்கு மனம் வராவிட்டால், முன்கண்ணாடியில் செல் நம்பரையாவது எழுதி வைக்கலாம். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுக்க வேண்டும்.