துயரம் விரியும் வழி

இழப்பு மனிதரை வளர்க்கிறதா? நூல்களிற் படிக்குங்கால் இவ்வினா எளிதாகத் தோன்றும். ஓராண்டிற்குள் கணவரையும் உடன்பிறந்த தங்கையையும் இழந்து, எழுபது வயதைக் கடந்த நிலையில் எண்ணிப் பார்க்கையில், அஃது எளிய வினாவன்று.

ஆறுதல் கூற வருவோருள் சிலர், "துன்பம் நம்மைப் பக்குவப்படுத்தும், எல்லாம் நன்மைக்கே" என்பர். இதனை நம் அறநெறி ஏற்காது. ஒவ்வோர் உயிரும் தான் கட்டிய ஆயுள் வினை தீர்ந்தபோது இவ்வுடலை விட்டு நீங்குகிறது. என் கணவரின் பிரிவு அவருயிரின் பயணத்தைச் சார்ந்தது. எனக்குப் பாடம் புகட்டுவதற்காக நிகழ்ந்ததன்று. ஒருவர் மரணத்தை நம் வளர்ச்சிக்குக் கொடுத்த விலையாகக் கணக்கிடுதல் மறைந்தவர்க்குச் செய்யும் நீதியாகாது.

வேறு சிலர், "அழாதீர்கள், அழுதால் வினை சேரும்" என்பர். இதற்கு நூலாதாரம் உண்டு. துயரமும் புலம்பலும் அசாதா வேதனீய வினைக்குக் காரணமாகும் என்றும், விரும்பியது பிரிந்தபோது அதனையே இடைவிடாது நினைந்து ஏங்குதல் ஆர்த்த தியானம் என்றும் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துரைக்கிறது. ஆயினும் கண்ணீரை அடக்கிவிட்டால் ஏக்கமும் அடங்கிவிடுமா? வறண்ட கண்களுக்குப் பின்னாலும் "என்னுடையது போயிற்றே" என்னும் எண்ணம் சுழன்றுகொண்டிருக்கலாம். ஆகவே முதலில் விலக்கத்தக்கது "என்னுடையது" என்னும் அப்பற்றே என்பது என் துணிபு.

அதை விலக்குவது எங்ஙனம்? நம் மாவட்டத்துப் பழங்கதையே ஒரு வழியைக் காட்டுகிறது. பண்டைத் தகடூரே இன்றைய தருமபுரி. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்தான் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஈந்தவன் போரில் மாய்ந்தான். உண்டவர் எஞ்சி நின்றார். அவன் மறைவுக்கு அவர் இரங்கிப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் 235ஆம் பாடலில் ஔவையார் தம் இழப்பைக் கூறுவதோடு நிற்கவில்லை. பாணர், இரவலர், புலவர் என அவனை நம்பி வாழ்ந்தோர் அனைவரும் இழந்ததையும் எண்ணிக் காட்டுகிறார். அங்கே துயரம் குறையவில்லை, விரிகிறது.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த அடிப்படை நெறிகளுள் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. நம் துயரம் நமக்குத் தெரிந்தது; அடுத்தவர் துயரம் தெரியாதது. முன்னதிலேயே நின்றுவிட்டால் அது ஆர்த்த தியானம். அங்கிருந்து பின்னதை நோக்கி நடந்தால் அது கருணைக்கு வாயிலாகும்.

எங்கள் தெருவிற் கீரை விற்கும் மூதாட்டி ஒருவர், செய்தி அறிந்து வந்து திண்ணையில் அமர்ந்தார். "ஐயா ஒருநாளும் என்கிட்ட விலை பேசினதில்லை, கண்ணு எப்படி இருக்குன்னு கேட்காமப் போனதில்லை" என்றார். பிறகு, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்று திரும்பாத தம் மகனைப் பற்றிக் கூறினார். அன்று நாங்கள் இருவரும் அழுதோம். அவ்வழுகையில் "என்னுடையது" என்பது சற்றே தளர்ந்ததை உணர்ந்தேன். பின்னர் அவருக்கு முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தேன். இப்போது வாரந்தோறும் சிலர் தத்தம் தாள்களுடன் வருகின்றனர்.

இதனால் மாலைப்பொழுதின் வெறுமை நீங்கிவிட்டது என்று கூற மாட்டேன். பிறப்பிலும் இறப்பிலும் உயிர் தனித்தே செல்கிறது என்பது ஏகத்துவ பாவனை. உயிர்கள் ஒன்றற்கொன்று உதவுதலையும் தத்துவார்த்த சூத்திரமே ஓதுகிறது. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. தனித்துச் செல்லும் உயிர்க்கு வழியிடையே பிறர் செய்யக்கூடியது அவ்வுதவி ஒன்றே. இழப்பு தானாக எவரையும் வளர்ப்பதில்லை. எஞ்சியிருப்போர் அதனைக் கொண்டு என்ன செய்கின்றனர் என்பதிலேயே வளர்ச்சி அடங்கியுள்ளது.

எனவே, துக்கம் நிகழ்ந்த இல்லத்திற்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழவேண்டாம் என்று அறிவுரை கூறுவதைவிட, மறைந்தவர் உங்களுக்குச் செய்த நன்மை ஒன்றைச் சொல்லுங்கள். சிறியதாயினும் குற்றமில்லை. எஞ்சியிருப்போர்க்கு அதுவே துணையாகும்.