மூப்பும் இரவு நடன விடுதியும்

ஒரு செயல் தவறு என்று சொல்வது ஒன்று. அது இன்ன வயதினருக்குத் தகாது என்று சொல்வது வேறொன்று. இவ்விரண்டையும் நாம் பெரும்பாலும் கலந்தே பேசிவிடுகிறோம். மேலைநாட்டு நகரங்களில் எழுப்பப்பட்டு வரும் ஒரு வினா, இவ்வேறுபாட்டைத் தெளிந்துகொள்ள வாய்ப்பாக அமைகிறது. 'நைட் கிளப்' எனப்படும் இரவு நடன விடுதிக்குச் செல்வதற்கு வயது கடந்துபோவது என்று ஒன்று உண்டா என்பதே அவ்வினா. கேலிப்பேச்சுப் போலத் தோன்றினும், மூப்புக்கு உரியது யாது என்னும் பழைய கேள்வியே இதன் அடியில் கிடக்கிறது.

முதலில் நிகழ்ந்தவற்றைக் காண்போம். 1977 ஏப்ரலில் நியூயார்க்கில் 'ஸ்டுடியோ 54' என்னும் நடன விடுதி திறக்கப்பட்டது. வாயிலில் கூடி நிற்போரில் சிலரை மட்டும் பொறுக்கியெடுத்து உள்ளே விடுவதில் அது பேர்போனது. அழகும் புகழும் இளமையுமே அங்கு நுழைவுச் சீட்டாக இருந்தன. அத்தகைய இடத்தில், எழுபத்தைந்து வயதைக் கடந்த சாலி லிப்மன் என்னும் கைம்பெண் இளைஞர்களோடு ஆடிப் புகழ்பெற்றார். வழக்கறிஞராக இருந்த அவரை 'டிஸ்கோ சாலி' என்றே ஊர் அழைத்தது. 2016 மே மாதத்தில், லண்டனின் 'ஃபேப்ரிக்' விடுதிக்குப் போலந்து நாட்டு முதிய தம்பதியர் இருவர் வந்து, விடியற்காலை 5 மணிவரை இருந்து சென்றது உலகெங்கும் செய்தியாயிற்று. 2018இல் தோக்கியோ நகரத்துச் சுமிகோ இவாமுரோ என்னும் 83 வயது மாது, விடுதிகளில் இசைத்தட்டு இயக்குவோரில் உலகிலேயே மூத்தவர் எனக் கின்னஸ் நூலில் இடம்பெற்றார். உணவகத் தொழிலில் இருந்த அவர் இக்கலையைக் கற்றதே எழுபதைக் கடந்த பிறகுதான்.

இவர்களை உலகம் வியந்தது. வியப்பும் ஒருவகை விலக்கே. இளைஞன் ஒருவன் அங்குச் சென்றால் அது செய்தியாவதில்லையே! முதியவர் அங்கு இருக்கக் கூடாதவர் என்னும் எண்ணம் உள்ளே இருப்பதனாலன்றோ அவரைக் கண்டதும் வியப்பு எழுகிறது?

இவ்வெண்ணத்துக்குக் கூறப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

உடல் இடம் தராது என்பர் சிலர். இது உடல்நலம் பற்றிய முன்னெச்சரிக்கையே அன்றி, அறத்தீர்ப்பு ஆகாது. இங்கிலாந்தின் 'விகன் கசினோ'வில் 1973 முதல் 1981 வரை இரவு முழுதும் ஆடிய இளைஞர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் எட்டிவிட்டனர். அவர்களுள் பலர் அதே பழைய பாடல்களுக்கு இன்றும் கூடி ஆடுகின்றனர். முழங்கால் வலித்தால் அமர்ந்துகொள்ள அவர்களுக்குத் தெரியும். பிறர் சொல்ல வேண்டியதில்லை.

அங்கு நடப்பன தீயவை என்பர் வேறு சிலர். மதுவும் வரம்பு மீறிய கலப்பும் தீயவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவை இருபது வயதிலும் தீயவையே. மூப்பு தீமையை மிகுவிக்கும் என்பதும் மெய்தான். முதியவன் செய்யும் விபசாரம் ஹதீஸில் தனித்துக் கண்டிக்கப்பட்டிருப்பதற்கு, இச்சையின் வேகம் தணிந்தபின் அவனுக்குச் சாக்கு ஏதுமில்லை என்பதையே உரையாசிரியர்கள் காரணமாகக் காட்டுவர். எனினும் நன்கு கவனிக்க வேண்டும்: மூப்பு, உள்ள குற்றத்தைப் பெரிதாக்குமே தவிர, இல்லாத குற்றத்தைப் படைக்காது. இளைஞனின் ஆட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு முதியவரின் ஆட்டத்தைக் கண்டு முகஞ்சுளிப்பவர், செயலைக் கண்டிக்கவில்லை, நரையைக் கண்டிக்கிறார்.

எஞ்சுவது தகுதி பற்றிய வாதம். இதுவே வலிமை வாய்ந்தது. அஃப்லாத்தூன் என அரபு நூல்கள் குறிக்கும் பிளேட்டோ, தமது 'சட்டங்கள்' என்னும் நூலில் ஊர் மக்களை வயதுவாரியாகப் பாடற்குழுக்களாகப் பிரிக்கிறார். சிறுவர்க்கு ஒன்று, முப்பது வரை ஒன்று, முப்பது முதல் அறுபது வரை ஒன்று. அறுபதைக் கடந்தோர் பாடுவதில்லை, கதை சொல்வர். வயது ஏற ஏற மனிதன் பாடக் கூசுகிறான், அவன் உள்ளம் இறுகுகிறது என்று கண்டு, அதை இளக்க மதுவை மருந்தாக்குகிறார் அவர். அம்மருந்து நமக்கு உடன்பாடன்று. ஆயின் நோயை அவர் சரியாகவே அறிந்தார். நாம் இங்குக் கொள்ள வேண்டியது வேறொன்று. அவர் வயதுக்கு வரம்பு கட்டினார். ஆனால் எவரையும் வெளியே நிறுத்தவில்லை. ஆட இயலாத முதியோர் அமர்ந்து பார்ப்பர். இளையோரின் ஆட்டம் அவர்களுடைய இளமையை நினைவூட்டி மகிழ்விக்கும். ஆட்டக்களத்தை விட்டு விலகியவருக்கு அவையில் இருக்கை காத்திருந்தது.

அரபு மொழியும் இதையே காட்டுகிறது. இளமையைக் குறிக்கும் 'ஷபாப்' என்னும் சொல்லின் வேருக்கு நெருப்பு மூண்டெழுதல் என்னும் பொருளும் உண்டு. 'ஷைகு' என்னும் சொல்லோ முதியவரையும் குறிக்கும். தலைவரையும் ஆசானையும் குறிக்கும். மூப்பும் மதிப்பும் அங்கு ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. 'உம் நிலைக்கு இது தகாது' என்று ஒருவரிடம் சொல்ல வேண்டுமானால், அவருக்கு ஒரு நிலை இருக்க வேண்டும். முதியவரின் அடக்கம், அவருக்குச் சமூகம் அளிக்கும் மதிப்புக்கு அவர் செலுத்தும் விலை.

அம்மதிப்பு அளிக்கப்படாத இடத்தில் விலையை மட்டும் கேட்பது என்ன நியாயம்? 2018 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு, தனிமைத் துயரைக் கவனிக்கவென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. 2021இல் ஜப்பானும் அவ்வாறே செய்தது. தனிமை எல்லா வயதினரையும் வருத்துவதே. எனினும், துணையை இழந்து, மக்கள் தொலைவில் வாழ, தொலைக்காட்சியோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கும் முதியோர் அந்நாடுகளில் ஏராளம். அவர்களுள் ஒருவர் ஓரிரவு மனிதக் கூட்டத்தைத் தேடி எழுந்து போனால், 'வயதுக்கேற்ப வீட்டில் இரும்' என்று சொல்பவர் எந்த வீட்டைச் சொல்கிறார்?

இதனால் நடன விடுதி நல்லது என்று ஆகிவிடாது. அங்குச் செல்லும் முதியவரிலும் இருவகையினர் உளர். தம் ஆண்டுகளை மறுக்கச் செல்பவர் ஒருவர். இளைஞராக நடித்து, இளையோர் தம்மைச் சமமாக எண்ணவில்லையே என்று புண்பட்டுத் திரும்புவார். தம் ஆண்டுகளோடு செல்பவர் மற்றவர். களைத்தால் அமர்வார், அழைத்தால் எழுவார். முன்னவரிடம் குறையென்று ஒன்றிருந்தால், அது பொய்மையே அன்றி மூப்பு அன்று. இருபது வயதில் முப்பதாக நடிப்பவனிடமும் அக்குறை உண்டு.

ஆகவே, செயல் தீதெனில் எவ்வயதிலும் விலக்குவோம். தீதன்றெனில் நரையைக் காட்டி விலக்காதிருப்போம். முதியோர் அங்குச் செல்லலாகாது என்று உண்மையாகவே கருதுவோர்க்கு ஒரு கடமை முன்னிற்கிறது. அவர்கள் மாலை வேளைகளில் சென்றமர, பேச, கேட்கப்பட, வேறோர் இடம் தர வேண்டும். அதைச் செய்தபின் தகுதியைப் பற்றிப் பேசுவது பொருந்தும்.